பாட்டு எவ்வளவு ‘நிஜமா’ கேட்டா போதும்?

(எபிசோடின் ஒலிப்பதிவில் இருந்து, வாசிக்க வசதியாகத் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்.)

ஸ்பீக்கர், ஹெட்போன் வாங்குறது பத்தி உங்ககிட்ட இருந்து தொடர்ந்து கேள்விகள் வந்துக்கிட்டே இருக்கு. பட்ஜெட் வேற வேற, பிராண்ட் வேற வேற. ஆனா பல கேள்விகளுக்கு அடியில ஒரே கவலைதான் இருக்கு: “என்கிட்ட இருக்கறது ஒரு சின்ன புளூடூத் ஸ்பீக்கர். நான் பாட்டை முழுசா கேக்குறேனா, இல்ல எதையோ தவற விட்டுக்கிட்டே இருக்கேனா?”

இந்தக் கவலை சும்மா வரல. ரெண்டு லட்ச ரூபாய் செட் வச்சிருக்கறவர் வீடியோ போட்டு, “கண்ணை மூடினா பாடகர் எதிர்ல நிக்குற மாதிரியே இருக்கும்”னு சொல்றார். அதைப் பார்த்துட்டு நம்ம ரூமுக்கு வந்தா, எதிர்ல பீரோதான் நிக்குது. உடனே மனசு சின்னதாயிடுது.

அந்த “நிக்குற மாதிரியே” என்கிற வார்த்தையைத்தான் இன்னைக்குப் பிரிச்சுப் பார்க்கப் போறோம். வீட்டுல கேக்குற பாட்டு எவ்வளவு தூரம் நிஜம் மாதிரி இருக்கணும்? அது இல்லாம ரசிக்க முடியாதா?

இருட்டுல நடந்த போட்டி

இந்த ஆசைக்கு வயசு நூறைத் தாண்டியாச்சு. அமெரிக்காவுல எடிசன் கம்பெனி 1915-ல ஒரு விளம்பர உத்தி ஆரம்பிச்சது. பேரு ‘டோன் டெஸ்ட்’. மேடையில ஒரு போனோகிராஃப் பெட்டி, பக்கத்துல அந்த ரெக்கார்டுல பாடின அதே பாடகி. கொஞ்ச நேரம் பாடகி பாடுவாங்க, கொஞ்ச நேரம் பெட்டி பாடும். நடுவுல விளக்கை அணைச்சிடுவாங்க. மறுபடி விளக்கு எரியும்போது பார்த்தா பாடகி மேடையிலேயே இருக்க மாட்டாங்க. இவ்வளவு நேரம் பாடினது பெட்டி! கூட்டம் அசந்து போகும். சுமார் பத்து வருஷம், ஊர் ஊரா இதை நடத்தினாங்க.

இப்ப ஒரு விஷயம் கவனிங்க. அந்த ரெக்கார்டுகள் பதிவானப்ப மைக்கே கிடையாது. பாடகர் ஒரு பெரிய புனலுக்குள்ள பாடுவார்; அந்தக் காத்தோட அதிர்வு ஒரு ஊசியை ஆட்டி மெழுகுல கோடு போடும். மைக் வச்சு மின்சாரத்துல பதிவு பண்ற முறை பரவலா வந்தது 1925-ல தான். அதனால அந்தப் பதிவுகள்ல ஆழமான பேஸும் கிடையாது, உச்சத்துல கேக்குற மினுமினுப்பும் கிடையாது. இன்னைக்கு உங்க போன் ஸ்பீக்கர் அதைவிட எவ்வளவோ மேல். அப்புறம் எப்படி அந்த ஜனங்க ஏமாந்தாங்க?

ரெண்டு காரணம். ஒண்ணு, அந்தக் காலத்துல அதைவிட நல்ல பதிவை யாரும் கேட்டதே இல்லை. எதை எதிர்பார்க்கணும்னே தெரியாதவங்களுக்கு எது குறையுதுன்னும் தெரியாது. ரெண்டாவது காரணம் இன்னும் சுவாரசியம். அந்த மேடைகள்ல பாடின ஆனா கேஸ் என்கிற சொப்ரானோ பாடகி, ரொம்ப வருஷம் கழிச்சு ஒரு பேட்டியில சொன்னாங்க: சத்தமா பாடினா பெட்டியை மிஞ்சிடும், அதனால என் குரலை அந்தப் பெட்டியோட குரல் மாதிரி மாத்திக்கிட்டுப் பாடினேன்னு. அதாவது மெஷின் மனுஷி மாதிரி பாடல. மனுஷி மெஷின் மாதிரி பாடியிருக்காங்க.

அதுக்கப்புறமும் இந்தப் போட்டி நிக்கல. 1954-ல வார்ஃப்டேல் ஸ்பீக்கர் கம்பெனியோட கில்பர்ட் பிரிக்ஸ், லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹால்ல நேரடி இசையையும் பதிவையும் அடுத்தடுத்து ஒலிக்க வச்சுக் காட்டினார். அமெரிக்காவுல அகூஸ்டிக் ரிசர்ச் கம்பெனி, ஃபைன் ஆர்ட்ஸ் குவார்டெட் என்கிற நாலு பேர் குழுவை வச்சு இதே மாதிரி கச்சேரிகள் நடத்தினாங்க. வாசிச்சுக்கிட்டே இருப்பாங்க; ஒரு கட்டத்துல வில் மட்டும் அசையும், சத்தம் ஸ்பீக்கர்ல இருந்து வரும். எந்த நொடியில மாறுச்சுன்னு கண்டுபிடிக்கறது ரொம்பக் கஷ்டமா இருந்ததாம்.

ஆனா இந்த எல்லாக் காட்சிகள்லயும் ஒரு சலுகை இருக்கு. ஸ்பீக்கரும் கலைஞரும் ஒரே ஹால்ல இருந்தாங்க. அந்த ஹாலோட எதிரொலி ரெண்டுக்கும் பொது. உங்க வீட்டுல நிலைமை வேற. இருக்கறது பத்துக்குப் பன்னெண்டு ரூம், டைல்ஸ் தரை, ஒரு கட்டில், ஒரு ஜன்னல். அதுக்குள்ள எண்பது பேர் ஆர்க்கெஸ்ட்ராவை எப்படி உக்கார வைக்கிறது?

நிஜம்னா எது?

உண்மையிலேயே ‘நிஜமா’ வேணும்னா என்ன ஆகும்னு யோசிங்க. நாதஸ்வரமும் தவிலும் கோயில் வீதிக்கும் திறந்தவெளிக்கும் ஆனது. நாலு வீதி தாண்டிக் கேக்கணும்னே அந்த வாத்தியங்களுக்கு அவ்வளவு சத்தம். அதே சத்தம் அப்படியே உங்க ஹால்ல வந்தா, அஞ்சு நிமிஷத்துல காதைப் பொத்திக்குவீங்க. பத்து நிமிஷத்துல கீழ் வீட்டு அங்கிள் காலிங் பெல் அடிப்பார். ஒரு மேற்கத்திய ஆர்க்கெஸ்ட்ரா உச்சத்துல வாசிக்கும்போது 100 டெசிபலைத் தாண்டும். ராத்திரி பத்து மணிக்கு அப்பார்ட்மெண்ட்ல யாருக்கும் அந்த நிஜம் வேண்டாம். நமக்கு வேண்டியது அளவு குறைச்ச, பக்குவமான ஒரு நிஜம்.

சரி, அசல் கச்சேரியாவது சுத்தமான நிஜமா? மார்கழி சீசன்ல சென்னை சபாவுக்குப் போங்க. பாடகர் முன்னாடி மைக். வயலினுக்கு மைக், மிருதங்கத்துக்கு மைக். சுருதி பல மேடைகள்ல எலக்ட்ரானிக் பெட்டியில இருந்து வருது. நீங்க பன்னெண்டாவது வரிசையில உக்காந்து கேக்குறது பெரும்பாலும் மேடை ஓரத்துல இருக்குற ஸ்பீக்கரைத்தான். அப்ப வீட்டு ஸ்பீக்கர் எதை நகல் எடுக்கணும்? பாடகரோட தொண்டையையா, சபா ஸ்பீக்கரையா?

சினிமாப் பாட்டுக்கு வந்தா கேள்வியே கலைஞ்சு போயிடும். ஒரு காலத்துல பெரிய ஸ்டுடியோவுல வாத்தியக்காரங்க எல்லாரும் ஒண்ணா உக்காந்து வாசிக்க, பாடகர்களும் கூடவே பாடுவாங்க. அங்க ‘நடந்த நிகழ்ச்சி’ன்னு ஒண்ணு இருந்தது. மல்டி ட்ராக் வந்த பிறகு அது தேவையில்லாமப் போச்சு. குரல் ஒரு நாள், புல்லாங்குழல் இன்னொரு நாள், வயலின் கூட்டம் வேற நாட்டுல. பாதி தாளம் கம்ப்யூட்டர்ல. 1992-ல ‘ரோஜா’ வந்தப்ப தமிழ் கேட்டவங்களுக்கு அந்தச் சத்தமே புதுசா இருந்தது. ரஹ்மான் தன் வீட்டை ஒட்டின ஸ்டுடியோவுல அடுக்கு அடுக்கா அதைக் கட்டினார். அந்தப் பாட்டெல்லாம் உலகத்துல எந்த மேடையிலயும் முதல்ல ‘நடக்கல’. அது பிறந்ததே ஸ்பீக்கர்ல தான். அசலே இல்லாத ஒண்ணுக்கு, அசல் மாதிரி இருக்கான்னு கேக்குறதுல அர்த்தம் இல்லை.

பீட்டில்ஸ் 1966-ல கச்சேரிப் பயணத்தை நிறுத்திட்டு, அடுத்த வருஷம் ‘சார்ஜண்ட் பெப்பர்ஸ்’ போட்டது இதே வழிதான். பியானோ மேதை கிளென் கூல்ட் 1964-லயே மேடையை விட்டுட்டு, இனி என் இடம் ஸ்டுடியோன்னு போயிட்டார்.

இன்னொரு உதாரணம். ஒரு மெலடியில பாடகி காதுக்குள்ள ரகசியம் சொல்ற மாதிரி பாடுறாங்க. பின்னாடி நாற்பது வயலின். நிஜ உலகத்துல அந்த முணுமுணுப்பு நாற்பது வயலினைத் தாண்டி உங்களுக்குக் கேக்கவே கேக்காது. மைக் வந்ததாலதான் பிங் கிராஸ்பி மாதிரி பாடகர்கள் கத்தாம, பேசுற மாதிரிப் பாட முடிஞ்சது. அது முழுக்க முழுக்கப் பொய்யான சத்தம். ஆனா நாம மயங்கினது அந்தப் பொய்யிலதான்.

மிச்சத்தை மூளை போட்டுக்கும்

இப்ப கொஞ்சம் காது அறிவியல். மனுஷக் காது கிட்டத்தட்ட 20 ஹெர்ட்ஸ்ல இருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் கேக்கும். பழைய லேண்ட்லைன் போன் அனுப்பினது 300-ல இருந்து 3,400 ஹெர்ட்ஸ் வரைக்கும் மட்டும்தான். ஒரு ஆணோட பேச்சுக் குரலுக்கு அடித்தளமான அதிர்வு சுமார் 100 ஹெர்ட்ஸ்ல இருக்கு. அதாவது அப்பா போன்ல பேசும்போது, அவர் குரலோட அடித்தளமே லைன்ல வரல. ஆனாலும் “ஹலோ”ன்னு சொன்ன உடனே அப்பான்னு தெரியும். அவர் குரல் கீச்சுக் குரலாவும் கேக்காது.

இது எப்படின்னா, 100 ஹெர்ட்ஸ் குரல்ல 200, 300, 400, 500-னு மேல்சுரங்கள் அடுக்கா இருக்கும். 300, 400, 500 மட்டும் வந்தாலும், இந்த இடைவெளியைப் பார்த்து “கீழ 100 இருக்கணுமே”ன்னு மூளை தானே நிரப்பிக்கும். போன் ஸ்பீக்கர்ல கூட பேஸ் கிடாரோட மெட்டு ஓரளவு புரியறதுக்குக் காரணம் இதுதான்.

அதனாலதான் இரைச்சலும் ஏற்ற இறக்கமுமா வந்த ரேடியோவுல, இலங்கை வானொலி கேட்டு ஒரு தலைமுறையே பாட்டுப் பைத்தியமா வளர முடிஞ்சது. அதனாலதான், இறந்துபோன தாத்தாவோட பன்னெண்டு செகண்ட் வாட்ஸாப் வாய்ஸ் நோட்டை வச்சிருக்கறவங்க யாரும் அதோட தரத்தைப் பத்திப் பேசறதில்லை. “சாப்டியாப்பா”ன்னு அந்தக் குரல் வரும்போது தொண்டை அடைக்குது. அதுக்கு 3,400 ஹெர்ட்ஸே ஜாஸ்தி.

அப்படின்னா எதுல கேட்டாலும் ஒண்ணுதானா? இல்லை. அங்கதான் நிறைய பேர் எதிர்ப்பக்கம் போய் விழறாங்க.

தெளிவு வேற, நிஜம் வேற

எண்பதுகளோட இளையராஜா பாட்டு ஒண்ணை பஸ்லயும் டீக்கடையிலயும் கேட்டே வளர்ந்திருப்பீங்க. முதல் தடவை ஒரு சுமாரான நல்ல ஹெட்போன்ல கேக்கும்போது, “அட, அடியில பேஸ் கிடார் தனியா வேற ஒரு மெட்டே பாடிக்கிட்டு இருக்கு”ன்னு தெரியும். அன்னைக்கு அந்தப் பாட்டு உங்களுக்குப் புதுசாப் பிறக்கும். இங்க என்ன நடந்தது? கிடார் வாசிக்கறவர் உங்க ரூமுக்கு வரல. ரெக்கார்டுக்குள்ள ஏற்கெனவே இருந்த ஒண்ணு, உங்க காது வரைக்கும் வந்து சேர்ந்தது. அவ்வளவுதான்.

இதைத்தான் நான் தெளிவுன்னு சொல்றேன். பாடகர் எதிர்ல நிக்குறார் என்கிற மாயை, அது நிஜம். ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பித்தான் நம்மகிட்ட பொருள் விக்கிறாங்க. ரசிக்கறதுக்குத் தெளிவு ஓரளவு கட்டாயம் வேணும். மிருதங்கத்தோட தொப்பியில வர்ற கும்கி போன் ஸ்பீக்கர்ல பாதி காணாமப் போயிடும். அப்ப லயத்துல பாதி போச்சு. மூளை ஊகிச்சுக்கும், சரி. ஆனா ஊகிச்சதுல அந்த அதிர்வு நெஞ்சுல படாது. மாயை மட்டும் ஒரு கூடுதல் பரிசு. கிடைச்சா சந்தோஷம்; கிடைக்கலேன்னா பாட்டு குறைஞ்சு போறதில்லை.

மூணாவதா ஒண்ணு இருக்கு, யாரும் அதிகம் பேசறதில்லை: எரிச்சல். நம்ம காதுக்கு 2,000-ல இருந்து 5,000 ஹெர்ட்ஸ் பக்கம் உணர்ச்சி ரொம்ப அதிகம். அந்த இடத்தைத் தூக்கி வச்சிருக்கிற ஸ்பீக்கர் கடையில கேக்கும்போது ‘சூப்பர் கிளியர்’னு தோணும். வீட்டுல ஒரு மணி நேரம் கேட்டா தலை வலிக்கும். பாட்டை நிறுத்தினதும் “அப்பாடா”ன்னு இருந்தா, அந்த ஸ்பீக்கர் எவ்வளவு நிஜமா ஒலிச்சும் பிரயோஜனம் இல்லை.

சில சமயம் எரிச்சல் பதிவுக்குள்ளயே இருக்கும். 2008-ல மெட்டாலிகா ‘டெத் மேக்னடிக்’ ஆல்பம் விட்டப்ப, எல்லாச் சத்தத்தையும் உச்சத்துல நெரிச்சு வச்சிருந்தாங்க. ‘கிடார் ஹீரோ’ வீடியோ கேம்ல வந்த அதே பாட்டுகள் அந்த அளவுக்கு நெரிக்காம இருந்ததால, ரசிகர்கள் கேம் வடிவத்தைத் தேடிப் பிடிச்சுக் கேட்டாங்க. அந்த சிடியை எவ்வளவு விலை ஸ்பீக்கர்ல போட்டாலும் சரியாகாது.

கண்ணைக் கட்டிட்டுக் கேட்டா

“எல்லாம் அவங்கவங்க டேஸ்ட்”னு ஒரு பேச்சு உண்டு. அதுவும் முழு உண்மை இல்லை. ஃபிளாய்ட் டூல் கனடாவுல பல வருஷம், அப்புறம் அவரும் ஷான் ஆலிவும் ஹார்மன் கம்பெனியில, ஸ்பீக்கரைத் திரைக்குப் பின்னாடி வச்சு ஆட்களைக் கேக்க வச்சாங்க. பேரு தெரியாது, விலை தெரியாது. ஆலிவ் 2003-ல வெளியிட்ட ஆய்வுல 268 பேர் கலந்துக்கிட்டாங்க. பயிற்சி பெற்றவங்களும் இருந்தாங்க, சாதாரண ஆட்களும் இருந்தாங்க. பயிற்சி உள்ளவங்க மார்க் கம்மியாப் போட்டாங்க. ஆனா எது முதல், எது கடைசின்னு வரிசை கிட்டத்தட்ட ஒண்ணுதான். எதையும் தூக்காம, எதையும் அமுக்காம, சீரா ஒலிச்சதைத்தான் பெரும்பாலானவங்க விரும்பினாங்க. ஆக, ‘எனக்குக் காது பத்தாது’ன்னு நீங்க தாழ்ந்துக்க வேண்டாம். உங்க காது சரியாத்தான் இருக்கு.

அதே ரெண்டு பேரும் 1994-ல இன்னொண்ணும் காட்டினாங்க. திரையை எடுத்துட்டு, ஸ்பீக்கரைக் கண்ணால பார்த்துக்கிட்டே கேக்கச் சொன்னா, மார்க் மாறிடுது. பெரிசு, அழகு, விலை எல்லாம் காதுக்குள்ள நுழைஞ்சிடுது.

சரி, ஹை-ரெஸ்? சிடி 1982-ல வந்தப்பவே 44,100 மாதிரி, 16 பிட். 2007-ல மேயர், மோரன் என்கிற ரெண்டு பேர் பாஸ்டன் பக்கம் ஒரு சோதனையை வெளியிட்டாங்க. ஹை-ரெஸ் டிஸ்க்கை அப்படியே ஒரு தடவை, சிடி தரத்துக்குக் குறைச்சு ஒரு தடவை. 554 முயற்சியில 276 தடவை சரியாச் சொன்னாங்க. காசு சுண்டிப் போட்டாலும் அதே பாதிதான் வரும். மாசச் சந்தாவுல கூடுதலாக் காசு கட்டறதுக்கு முன்னாடி இதை நினைச்சுக்கோங்க.

அப்ப என்ன பண்ணலாம்?

காசு செலவில்லாம ஆரம்பிப்போம். 1933-லயே பெல் லேப்ஸ்ல ஃபிளெட்சர், மன்சன் அளந்து சொன்னது: சத்தம் குறையக் குறைய நம்ம காது பேஸை முதல்ல இழக்கும். ராத்திரி மெதுவா வச்சா பாட்டு வத்தலா இருக்கறது உங்க ஸ்பீக்கரோட குத்தம் இல்லை. ஈக்வலைசர்ல பேஸைக் கொஞ்சம் ஏத்திக்கோங்க. அது ‘அசலைக் கெடுக்கறது’ இல்லை.

ஸ்பீக்கரை மூலையில தள்ளி வச்சா பேஸ் வீங்கும். ஒரு முழம் முன்னாடி இழுங்க. காது உயரத்துக்குக் கொண்டு வாங்க. வெறும் சுவரும் டைல்ஸும் இருந்தா ஒரு ஜமக்காளம், ஒரு கனமான திரை. நிறைய பேருக்கு அடுத்த மாடல் ஸ்பீக்கர் தர்றதைவிட இது அதிகம் தரும்.

கடைக்குப் போனா, ஒப்பிடுற ரெண்டையும் ஒரே சத்தத்துக்கு வைக்கச் சொல்லுங்க. ஒரே ஒரு டெசிபல் கூடுதலா இருந்தாலும் மூளை அதை ‘சத்தம் அதிகம்’னு எடுத்துக்காது, ‘தரம் அதிகம்’னு எடுத்துக்கும். அப்புறம் உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச பாட்டைப் போட்டு, குறைஞ்சது பதினஞ்சு நிமிஷம் கேளுங்க. அசத்துதான்னு பார்க்காதீங்க, அலுக்குதான்னு பாருங்க.

இதுல பணத்தைவிடப் பெரிய விஷயம் காது. மின்சார ரயில்லயும் பைக்குப் பின்னாடியும் வெளிச் சத்தத்தை மிஞ்சறதுக்காக நாம வால்யூமை ஏத்திக்கிட்டே போறோம். உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்குச் சொல்ற கணக்கு: 80 டெசிபல்ல வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாக் குறையும்; 83-ல 20 மணி நேரம், 86-ல 10. அதனால தினமும் பயணத்துல கேக்குறவங்களுக்கு, காதை நல்லா அடைக்கிற இயர்போனும் நாய்ஸ் கேன்சலிங்கும் தான் உருப்படியான செலவு. இருபது வருஷம் கழிச்சு கேக்கறதுக்கு ஒரு காது மிச்சம் இருக்கணும்ல?

தெரிஞ்சே நிஜத்தை விட்டு விலகிப் போறவங்களும் இருக்காங்க. படிக்கும்போது லோ-ஃபை ப்ளேலிஸ்ட் போடறீங்கல்ல? அதுல இசைத்தட்டுக் கரகரப்பைக் கம்ப்யூட்டர்ல செஞ்சு மேல தூவுறாங்க. எடிசன் காலத்துல இருந்து எல்லாரும் போக்கப் போராடின அதே கரகரப்பு! உங்களுக்கு அது மழை நாள் மாதிரி இதமா இருக்குன்னா, இருந்துட்டுப் போகட்டும்.

ஒரு தனி வீணை, மைக்குக்குக் கிட்ட பாடின ஒரு குரல், இதையெல்லாம் நல்ல செட்ல, அமைதியான ரூம்ல கேக்கும்போது ஒரு நொடி அந்த ஆள் அங்க இருக்கற மாதிரி தோணும். அது அற்புதமான அனுபவம், நான் மறுக்கல. நண்பர் வீட்டுல அப்படி ஒரு செட் இருந்தா கண்டிப்பாப் போய்க் கேளுங்க. ஆனா வீட்டுக்கு வந்து உங்க சின்ன ஸ்பீக்கரைப் பார்த்து வெக்கப்படாதீங்க. பாட்டுல எல்லாப் பகுதியும் காதுக்கு வருதா, அலுக்காம ஒரு மணி நேரம் கேக்க முடியுதா, முடிஞ்சதும் இன்னொரு பாட்டு போடணும்னு கை போகுதா? மூணுக்கும் ஆமான்னா அந்த செட் போதும். மிச்சக் காசுக்கு ஒரு கச்சேரி டிக்கெட் வாங்குங்க.

இந்த வாரம் ஒரு வேலை தர்றேன். உங்களுக்குப் பழகின ஒரு பாட்டை வேற ரெண்டு கருவியில, ஒரே சத்தத்துல வச்சுக் கேளுங்க. ஒண்ணுல கேட்டு இன்னொண்ணுல கேக்காமப் போனது என்னன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடுல அதையெல்லாம் பேசலாம்.